கூரை பறந்தால் எத்தனை கோடி?

(கேள்விகள் உங்களுடையவை. பதில்கள், நாகை, கடலூர் கரையோரங்களில் 34 வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக அலைந்து ஓய்வு பெற்ற அடியேனுடையவை. புயல் நஷ்டத்தை எப்படி மதிப்பிடுகிறோம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் புயல்களைப் பற்றியவை. ஆகவே இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.)

கேள்வி: அமெரிக்காவில் புயல் அடித்தால் செய்தியில் நஷ்டத்தைச் சொல்கிறார்கள். மியான்மரில் அடித்தால் பிணங்களை எண்ணுகிறார்கள். புயல் ஆள் பார்த்து அடிக்கிறதா, ஐயா?
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

புயலுக்கு ஆள் தெரியாது அம்மா. கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும். நானும் அப்படி எழுதியவன்தான்.

2008 மே 2-ஆம் தேதி நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதி டெல்டாவில் கரையேறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். நஷ்டம் ஏறக்குறைய 400 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் டெக்சாஸில் கரையேறி, ஹூஸ்டன் பக்கம் நாள்கணக்கில் நகராமல் நின்று கொட்டியது. ஓர் இடத்தில் 60 அங்குலத்துக்கு மேல் மழை. இறந்தவர்கள் நூறு பேர் அளவில். நஷ்டம் 12,500 கோடி டாலர். மியான்மர் கணக்கைப் போல முப்பது மடங்கு.

இந்த முப்பது மடங்கு எங்கிருந்து வந்தது? அங்கே வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகை. நாலடி அகலப் பலகையைப் படுக்கை வசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்திருப்பார்கள். தண்ணீர் ஓர் அடிதான் ஏறியது என்றாலும் கீழ்ப் பலகை முழுவதையும் எடுத்தாக வேண்டும். விட்டால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். அதோடு தரைவிரிப்பு, சமையலறை அலமாரி, குளிர்சாதனம், வாசலில் நின்ற இரண்டு கார். ஓர் அடித் தண்ணீருக்கே ஒரு வீட்டின் பில் லட்சம் டாலரைத் தொடலாம். ஐராவதி டெல்டாவில் வீடு என்பது மூங்கிலும் ஓலையும். அது அடியோடு போனால் எங்கள் பாஷையில் 'முழுச் சேதம்'. தொகையோ சில நூறு டாலர். அந்த வீட்டில் இருந்த ஆறு பேரும் போயிருந்தாலும் தொகை அதேதான்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்து நாலாம் நாள், கடலூர் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு சர்வேக்குப் போனேன். ஷீட் கூரை முழுக்கப் பிய்ந்து பக்கத்துத் தோப்பில் கிடந்தது. டேப் பிடித்து அளந்து, ஷீட் எண்ணி, தேய்மானம் கழித்து, பழைய இரும்புக்கு எடைக்கு எடை விலை போட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஆலைச் சுவரை ஒட்டி ஒரு குடிசை இருந்த இடம். மண் சுவர் முழங்கால் உயரத்துக்கு மட்டும் நின்றது. அங்கே ஒரு அம்மா ஈரச் சாக்கை விரித்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, அப்படியே இதையும் ஒரு வரி எழுதிக்கோ" என்றார். என்னிடம் இருந்த படிவத்தில் பாலிசி நம்பர் இல்லாமல் முதல் வரியையே நிரப்ப முடியாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை நம்பி அவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ.

உலக வானிலை அமைப்பு 1970 முதல் 2021 வரைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தது. புயல், வெள்ளம், வறட்சி எல்லாம் சேர்த்துச் செத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வளரும் நாட்டுக்காரர்கள். பண நஷ்டத்திலோ நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வளர்ந்த நாடுகளுடையது. இரண்டு பத்தியும் ஒரே பேரேட்டில்தான் இருக்கின்றன. எந்தப் பத்தியைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தலைப்புச் செய்தி மாறுகிறது.

கேள்வி: எங்கள் தாத்தா பர்மாவில் பியாப்போன் பக்கம் கொடுக்கல் வாங்கல் செய்தவர். அவர் சொன்ன கதைகளில் அது பொன் விளையும் பூமி. நர்கிஸில் ஏன் அப்படிக் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி

உங்கள் தாத்தா காலத்திலேயே இதற்குப் பாதி விதை விழுந்துவிட்டது, ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது டெல்டாவின் பெரும்பகுதி காடும் சதுப்புமாகக் கிடந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி போகும் வழி சுருங்கியது. பர்மிய விவசாயி காட்டை வெட்டிக் கழனியாக்கினான். அதற்கு ரொக்கம் கொடுத்தவை நம் செட்டிநாட்டு லேவாதேவிக் கடைகள். 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, அடமானம் மீளாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்த கதையை உங்கள் வீட்டுப் பெட்டகத்துப் பத்திரங்களே சொல்லும். அதற்குப் பிறகும் ரங்கூனின் அடுப்புக் கரிக்கும், இறால் குட்டைக்கும் கடலோர அலையாத்திக் காடு வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

அதனால் நர்கிஸ் வந்தபோது கடலுக்கும் ஊருக்கும் நடுவே தடுக்க ஒன்றுமில்லை. கடல் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி, தட்டையான நிலத்தில் பல மைல் உள்ளே போனது. மேடு என்று சொல்ல பகோடாவும் மடாலயமும்தான். தென்னையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ராத்திரியைக் கழித்து, நெஞ்சிலும் கையிலும் தோல் உரிந்து பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. வங்கக் கடல் புயல்களைக் கவனிக்கும் பொறுப்பு டெல்லியில் உள்ள நம் வானிலைத் துறைக்கு இருக்கிறது. அவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். அது டெல்டாவின் கடைசிக் கிராமத்துக்கு 'உடனே கிளம்பு' என்ற வார்த்தையாகப் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் எங்கே கிளம்புவது?

அப்புறம் நடந்ததற்கு வறுமையைக் குற்றம் சொல்ல முடியாது. ராணுவ அரசு தன் புதிய அரசியல் சட்டத்துக்கு மே 10-ஆம் தேதி வாக்கெடுப்பு வைத்திருந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் லட்சம் பேர் போயிருக்கிறார்கள். வாக்கெடுப்பைத் தள்ளிப் போடவில்லை. மோசமாக அடிபட்ட இடங்களுக்கு மட்டும் இரண்டு வாரம் தவணை. நிவாரணக்காரர்களுக்கு விசா கொடுக்க இழுத்தடித்தார்கள். அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் பொருளோடு கரைக்கு எதிரே காத்திருந்து, அனுமதி கிடைக்காமல் திரும்பின. ஐ.நா. தலைமைச் செயலாளர் பான் கி மூன் நேரில் போய்த் தளபதியிடம் பேசிய பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. ஜர்கனார் என்று ஒரு நகைச்சுவைக் கலைஞர், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அரிசியும் துணியும் கொண்டுபோய்க் கொடுத்தார். அரசு செய்யாததை வெளிநாட்டுச் செய்தியாளர்களிடமும் சொன்னார். அவருக்குக் கிடைத்தது 59 வருடச் சிறை. பிறகு 35-ஆகக் குறைத்து, 2011-இல் விட்டார்கள்.

பணம் இல்லாத நாடு என்று மட்டும் சொல்லிவிட்டால் இந்த ஆட்கள் எல்லாம் கணக்கிலிருந்து தப்பித்துவிடுவார்கள்.

கேள்வி: வங்கதேசமும் ஏழை நாடுதானே? இப்போதெல்லாம் அங்கே புயலில் அவ்வளவு சாவு இல்லை என்கிறார்களே, எப்படி?
— விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

நல்ல கேள்வி. இதை ரொம்பப் பேர் கேட்பதில்லை.

1970 நவம்பரில், அது கிழக்கு பாகிஸ்தானாக இருந்தபோது, போலா புயலில் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் பேர் வரை இறந்தார்கள். 1991 ஏப்ரல் 29-இல் சிட்டகாங் கரையில் இன்னொன்று. சுமார் 1,38,000 பேர். 2007 நவம்பரில் சித்ர் புயல், அதுவும் பெரிய சூறாவளிதான். இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். 2020 மே மாதம் அம்பன் வந்தபோது, கொரோனாவுக்கு நடுவில் இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இடம் மாற்றினார்கள். வங்கதேசத்தில் சாவு சில பத்துப் பேரோடு நின்றது. இந்த ஐம்பது வருடத்தில் வங்கதேசம் அமெரிக்காவாகிவிடவில்லை.

என்ன செய்தார்கள்? 1970-க்குப் பிறகு செம்பிறைச் சங்கமும் (நம் ஊர் செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி) அரசும் சேர்ந்து ஊர் ஊராகத் தொண்டர் படை திரட்டினார்கள். இன்றைக்கு எழுபதாயிரத்துக்கு மேல். பாதிப் பேர் பெண்கள். ஆளுக்கு ஒரு வேலை. ஒருவர் ரேடியோவில் செய்தி பிடிப்பார், ஒருவர் கொடி ஏற்றுவார், ஒருவர் கைக்குழல் ஒலிபெருக்கியோடு சைக்கிளில் போய்த் தெருத்தெருவாகக் கத்துவார். எத்தனை கொடி பறந்தால் எவ்வளவு ஆபத்து என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தூண்மேல் தூக்கிக் கட்டிய கான்கிரீட் கட்டடங்கள் புயலுக்குக் காப்பகம், மற்ற நாளில் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடமாக இருப்பதால் கதவு துருப்பிடிப்பதில்லை, சாவி யாரிடம் என்று தேட வேண்டியதில்லை.

அது ஒரே நாளில் வந்த புத்தி இல்லை. 1991-இல் செத்தவர்களில் பெண்கள் ஆண்களைவிட மிக அதிகம். புருஷன் வராமல் வீட்டை விட்டுக் கிளம்பத் தயங்கினார்கள். ஆண்கள் கூட்டத்தோடு ஒரே கூடத்தில் ராத்திரி தங்க வெட்கப்பட்டார்கள். தண்ணீரில் புடவை காலைச் சுற்றியது. பெண்களுக்குத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் காப்பகத்தில் வேண்டும் என்பது அதற்கப்புறம் வந்த பாடம். பெண் தொண்டர் வந்து கூப்பிட்டால் பெண்கள் கிளம்புகிறார்கள் என்பதும்தான்.

இன்னொன்று மாடு. மாட்டை விட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்? அதற்காகவே மண்ணைக் கொட்டி உயரமான மேடுகள் போட்டார்கள், 'கில்லா' என்பார்கள். மாட்டை அங்கே ஏற்றிவிட்டு ஆள் காப்பகத்துக்குப் போகலாம். இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குத் தெரியும். நம் ஊரில் மாட்டு இன்சூரன்ஸில் காதில் ஒரு வில்லை மாட்டுவார்கள். மாடு செத்தால் அந்த வில்லையைக் காட்ட வேண்டும். வில்லை இல்லாவிட்டால் க்ளெய்ம் இல்லை. மாட்டையே வெள்ளம் அடித்துக்கொண்டு போன பிறகு காதுக்கு எங்கே போவது? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

பணக்கார நாடுகளும் ஒரு காலத்தில் பிணம் எண்ணியவைதான். 1900-இல் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரில் ஒரே புயலில் சுமார் 8,000 பேர். 1959-இல் ஜப்பானின் இசே வளைகுடாப் புயலில் 5,000 பேர். நகோயா துறைமுகத்தில் அடுக்கி வைத்த மரக்கட்டைகள் அலையோடு வந்து வீடுகளை இடித்தன. அதற்கு இரண்டு வருடம் கழித்துதான் ஜப்பான் பேரிடர்ச் சட்டம் போட்டது. கியூபா அவ்வளவு பணக்கார நாடு கிடையாது. இடம் மாற்றுவதில் சூரன்.

ஒரு பொடி மட்டும் வைக்கிறேன். உயிர் தப்பிவிட்டது என்பதால் வாழ்க்கை தப்பியது என்று ஆகாது. 2009-இல் அய்லா புயல் வங்கதேசத்தின் தென்மேற்கில் கரைகளை உடைத்தது. வங்கதேசத்தில் சாவு இருநூறுக்குள். உடைந்த கரையை அடைக்காததால் உப்புத் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக வருடக்கணக்கில் வயலில் நின்றது. ஜனங்கள் கரைமேட்டிலேயே குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கேள்வி: என் மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். "இங்கே எல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும், நீ பயப்படாதே அம்மா" என்கிறான். நிஜமா?
— ஒரு தாய், கோவை

பாதி நிஜம். சாதாரண வீட்டு பாலிசி அங்கே காற்றுச் சேதத்துக்குத்தான். வெள்ளத்துக்குத் தனியாக, பெரும்பாலும் மத்திய அரசுத் திட்டத்தில், எடுக்க வேண்டும். ஹார்வியில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. 'நம்ம தெருவுக்கு எங்கே வெள்ளம் வரப்போகிறது' என்பது உலகப் பொது நம்பிக்கை. புயல் கிளம்பின செய்தி கேட்டு அவசரமாகக் கட்டினாலும் செல்லாது. வழக்கமாக 30 நாள் கழித்துதான் அமலுக்கு வரும். மகனிடம் இதை இன்றைக்கே கேளுங்கள்.

2005-இல் கேத்ரினா புயல் அடித்த பிறகு மிசிசிப்பி கரையில் பல வீடுகளில் அடித்தளச் சிமெண்ட் மட்டும் மிச்சம். வீடே இல்லை. வீட்டைக் கொண்டுபோனது காற்றா, தண்ணீரா? காற்று என்றால் கம்பெனி பணம் தர வேண்டும். தண்ணீர் என்றால் தர வேண்டாம். வெறும் தளத்தைச் சுற்றி இரண்டு தரப்புப் பொறியாளர்களும் நின்று வாதாடினார்கள். வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன. எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது, பக்கத்து வீட்டுக் கூரை எத்தனை மணிக்குப் பறந்தது என்று சாட்சி தேடினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பணக்கார நாட்டிலும் எல்லாரும் பணக்காரர் இல்லை. அதே கேத்ரினாவுக்கு முன்னால் நியூ ஆர்லியன்ஸில் 'ஊரைக் காலி செய்யுங்கள்' என்று உத்தரவு போட்டார்கள். காலி செய்ய கார் வேண்டும். அந்த நகரத்தில் லட்சம் பேருக்குக் கார் கிடையாது. புயல் வந்தது ஆகஸ்ட் 29. மாசக் கடைசி, கையில் காசு இல்லாத நாள். பள்ளிப் பேருந்துகள் நிறுத்திய இடத்திலேயே வரிசையாக மூழ்கிக் கிடந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கால்வாய்க் கரைகள் உடைந்து நகரத்தில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீருக்குள். அந்த நகரம் இருக்கும் லூயிசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் 75 வயது தாண்டியவர்கள். கறுப்பினத்தார் வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வார்டு ரொம்ப வருடம் வரைக்கும் புல் முளைத்த மனைகளாகவே கிடந்தது.

கேள்வி: பியூர்ட்டோ ரிக்கோவில் முதலில் 64 பேர் செத்ததாகச் சொல்லி, பிறகு 2,975 என்றார்கள். இவ்வளவு பெரிய தப்பு எப்படி நடக்கும்?
— செவிலியர், வேலூர்

உங்கள் வார்டில் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டும்.

பியூர்ட்டோ ரிக்கோ, அமெரிக்காவுக்குச் சொந்தமான கரீபியன் தீவு. 2017 செப்டம்பர் 20-இல் மரியா புயல் அதன் மேல் ஏறிப் போனது. தீவு முழுக்க இருட்டு. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் வர ஏறக்குறைய பதினொரு மாதம் ஆனது. இன்சுலினுக்கு ஐஸ் வேண்டும். டயாலிசிஸுக்குத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருந்தவருக்கு பேட்டரி எத்தனை மணி நேரம்? இவர்கள் அக்டோபரிலும் நவம்பரிலும் ஒவ்வொருவராகப் போனார்கள். சான்றிதழில் 'மாரடைப்பு', 'சர்க்கரை நோய்', 'கிருமித் தொற்று'. எங்கள் தொழிலில் 'நேரடிக் காரணம்' என்று ஒன்று உண்டு. மரம் தலையில் விழுந்தால் புயல் சாவு. மின்சாரம் இல்லாமல் மூச்சு நின்றால், அது வேறு கணக்கு.

புயல் முடிந்து இரண்டு வாரத்தில் தீவுக்கு வந்த அதிபர் டிரம்ப், 16 பேர்தான் என்ற அன்றைய எண்ணைக் கேத்ரினாவோடு ஒப்பிட்டுப் பெருமையாகவே பேசினார். அடுத்த ஜூனில் ஜனங்கள் சான் ஹுவான் சட்டசபைக் கட்டடத்தின் முன்னால் செத்தவர்களின் செருப்புகளைக் கொண்டுவந்து ஜோடி ஜோடியாக வைத்தார்கள். குழந்தைச் செருப்பு, நர்ஸ் போடுகிற வெள்ளை ஷூ, தேய்ந்த சப்பாத்து. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம், வழக்கமாக அந்த மாதங்களில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த வருடம் எத்தனை பேர் கூடுதல் என்று எண்ணியது. அந்தக் கூடுதல்தான் 2,975. 2018 ஆகஸ்டில் அரசு ஒப்புக்கொண்டது.

உங்கள் தொழில் சார்ந்த விஷயம் ஒன்று: சலைன் பைகள் தயாரிக்கும் ஆலைகள் அந்தத் தீவில் இருந்தன. அவை நின்றதும் அமெரிக்கா முழுக்க மருத்துவமனைகளில் சலைனுக்குத் தட்டுப்பாடு. டிரிப் போட வேண்டிய மருந்தை நர்ஸுகள் சிரிஞ்சில் எடுத்துக் கையாலேயே மெல்ல ஏற்றிக்கொண்டு நின்றார்கள்.

கேள்வி: டொமினிக்கா என்ற நாட்டில் மரியா புயல் சேதம் 'ஜி.டி.பி.யில் 226 சதவீதம்' என்று படித்தேன். நூறுக்கு மேல் எப்படிப் போகும்? அச்சுப் பிழையா?
— வங்கி ஊழியர், விருதுநகர்

பிழை இல்லை. உங்கள் வருடச் சம்பளம் ஐந்து லட்சம், வீடு இருபது லட்சம் என்று வையுங்கள். வீடு இடிந்தால் நாலு வருடச் சம்பளம் போனது, 400 சதவீதம். நாட்டுக்கும் அதே கணக்கு. ஜி.டி.பி. ஒரு வருட வருமானம். இடிந்தவை பல வருடம் சேர்த்துக் கட்டியவை.

டொமினிக்கா, ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் வாழும் கரீபியன் தீவு. டொமினிக்கன் குடியரசு வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது. 2017 செப்டம்பர் 18 இரவு புயல் உச்சத்தில் இருக்கும்போதே பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட், 'என் கூரை போய்விட்டது, புயலின் தயவில் இருக்கிறேன்' என்று முகநூலில் எழுதினார். பிரதமர் வீட்டுக் கதை இது. சேதம் சுமார் 130 கோடி டாலர். இரண்டு வருடம் முன்னால்தான் எரிக்கா புயலில் ஒரு வருட வருமானத்தில் பெரும்பகுதியை இழந்து எழுந்துகொண்டிருந்தார்கள். கேத்ரினாவின் 12,500 கோடி டாலர் அமெரிக்காவின் அந்த வருட வருமானத்தில் ஒரு சதவீதம் அளவுதான்.

கரீபியன் நாடுகள் 2007-இல் தங்களுக்குள் ஒரு இன்சூரன்ஸ் நிதி தொடங்கின. இதில் சர்வேயரே கிடையாது! காற்றின் வேகம், புயல் போன பாதை இவற்றை வைத்துக் கணக்குப் போட்டு, 14 நாளில் பணம் கொடுத்துவிடுவார்கள். டொமினிக்காவுக்கு 1.9 கோடி டாலர் வந்தது. 130 கோடிக்கு முன்னால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் அரசு ஊழியர் சம்பளம் போட உடனே கையில் காசு. என் பிழைப்பைக் கெடுக்கும் ஏற்பாடு என்றாலும், நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன்.

இன்னொரு கரீபியன் தீவான கிரெனடாவில் 2004 ஐவன் புயலில் 39 பேர்தான் இறந்தார்கள். செய்தியில் ஒரு நாள் வந்து போயிருக்கும். இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகுக்கு ஜாதிக்காய் கொடுத்த ஊர் அது. மரங்கள் வேரோடு போயின. ஜாதிக்காய் மரம் காய்க்க ஆரம்பிக்கவே ஆறேழு வருடமாகும். கஜாவில் தென்னையை இழந்த பேராவூரணிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி: கான்கிரீட் வீடாகக் கட்டிவிட்டால் போதாதா?
— கட்டட மேஸ்திரி, புதுக்கோட்டை

ஆஸ்திரேலியாவில் இன்னும் ஷீட் கூரைதான் அதிகம், மேஸ்திரி. 1974 கிறிஸ்துமஸ் ராத்திரி டிரேசி புயல் டார்வின் நகரத்தையே வழித்துப் போட்டது. 66 பேர் இறந்தார்கள். பிறகு உடைந்த ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். காற்று விட்டு விட்டு அடிக்கும்போது ஷீட் மேலும் கீழுமாக ஆடி, திருகாணியைச் சுற்றி விரிசல் விட்டுக் கிழிந்திருக்கிறது. கம்பியை வளைத்து வளைத்து உடைப்பீர்களே, அந்த மாதிரி. அதன் பிறகு சட்டம் மாறியது: கூரையைச் சுவரோடும் சுவரை அஸ்திவாரத்தோடும் இரும்புப் பட்டையாலும் நீளக் கம்பியாலும் பிணைக்க வேண்டும். 2011-இல் குயின்ஸ்லாந்தில் யாசி என்ற ராட்சசப் புயல். இறந்தவர் ஒருவர், அவரும் காற்றால் இல்லை, மூடிய அறைக்குள் ஜெனரேட்டர் ஓட்டியதில் புகையால் போனார். திருகாணி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்பதைக் கொத்தனார் விருப்பத்துக்கு விடாமல், ஒரு ஆய்வாளர் ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறார். அந்த ஏணிக்குத்தான் காசு வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஒரே புயல் ஏழை நாட்டையும் பணக்கார நாட்டையும் அடித்த உதாரணம் உண்டா?
— போட்டித் தேர்வு மாணவர், சேலம்

2004 ஜீன் புயல். ஹைத்தியை நேராக அடிக்கக்கூட இல்லை. வடக்கே ஒதுங்கிப் போனது. மழை மட்டும்தான். கரி சுடுவதற்கு மரம் வெட்டி மொட்டையான மலைகளிலிருந்து தண்ணீரும் சேறும் இறங்கி கொனாயிவ் நகரத்தை மூழ்கடித்தன. ஏறக்குறைய 3,000 பேர். அதே தீவின் மறுபாதியான டொமினிக்கன் குடியரசில் இருபதை ஒட்டி. அப்புறம் அதே புயல் வலுத்து ஃபுளோரிடாவை நேராகவே தாக்கியது. அங்கே சாவு விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

கேள்வி: எச்சரிக்கையில் வரும் சொற்கள் மக்களுக்குப் புரிகின்றனவா?
— தமிழாசிரியை, திருநெல்வேலி

2013 நவம்பர் 8, பிலிப்பைன்ஸின் டக்ளோபான் நகரம். ஹையான் புயல், அவர்கள் வைத்த பெயர் யோலண்டா. கடல் பல அடி எழும்பும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். ஆனால் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே சொன்னார்கள். மழையும் காற்றும் பலமாக இருக்கும் போல என்று எடுத்துக்கொண்டு ஜனங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். சிலர் ஒதுங்கிய காப்பகங்களுக்குள்ளும் கடல் வந்தது. இறந்தவர்கள் 6,300. பிழைத்தவர்கள் பலர் பிறகு சொன்னது: "சுனாமி மாதிரி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்."

நாமும் 'புயல் எழுச்சி', 'கடல் எழுச்சி' என்றெல்லாம் போடுகிறோம். டீச்சர், நீங்கள் ஒரு நல்ல சொல் கண்டுபிடித்தால் அனுப்புங்கள். அதுவரை, 'கடல் ஊருக்குள் வரும், மாரியம்மன் கோவில் திண்ணை மூழ்கும்' என்று மைக்கில் சொல்வதே போதும்.

கேள்வி: ஊரெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டா?
— எட்டாம் வகுப்பு மாணவன், சீர்காழி

மாட்டுக்கு உண்டு, தம்பி. காதில் வில்லை மாட்டியாகிவிட்டது. சந்தேகம் இருந்தால் வந்து பார். வீட்டுக்கு பிரீமியம் கட்டும் தேதி போன மாதம் 28. உன் கேள்வியைப் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ரசீது எந்த டிராயரில் இருக்கிறது என்று என் வீட்டம்மா தேடிக்கொண்டிருக்கிறார்.